டூப்ளிகேட் என்றொரு வசவு

எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" கம்பெனி முத்திரை போட்ட டப்பாவில் வந்தால் ஒரிஜினல். வராவிட்டால் டூப்ளிகேட். மூன்றாவதாக ஒரு பதில் சொல்ல நம்மிடம் சொல்லே கிடையாது. சென்னை ஜி.பி. ரோட்டிலும் சரி, கோவையிலும் மதுரையிலும் சரி, வாங்குகிறவரும் விற்கிறவரும் இந்த இரண்டு சொற்களுக்குள் நின்றுதான் பேரம் பேசுகிறார்கள்.

இந்த இரண்டு சொற்களுக்கும் எதிராக எழுதுகிறேன். துரு கொல்வதைவிட வேகமாக இவை பழைய மோட்டார் சைக்கிள்களைக் கொன்றுகொண்டிருக்கின்றன என்பது என் கட்சி.

இதில் எனக்குச் சொந்த லாபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறேன். மிஞ்சும் பணத்தையும் வார இறுதிகளையும் கோவை கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறையில் போட்டிருக்கிறேன். பட்டறையை நடத்துகிற கூட்டாளி என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு சிஎன்சி. ஆறு வருடமாகக் காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் பாகங்கள் செய்கிறோம். புஷ், ஷாஃப்ட், கிக்கர் கியர், ஸ்பேசர், போல்ட் என்று எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டவை, அல்லது செய்த கம்பெனியே இல்லாமல் போய்விட்டவை. ஊர் கணக்கில் நான் டூப்ளிகேட்காரன்.

*

டூப்ளிகேட் என்றதும் ஜெராக்ஸ் எடுப்பதுபோல ஒரு படம் மனதில் வருகிறது. பழைய பாகத்தை மெஷினில் வைத்தால் அதே மாதிரி இன்னொன்று வந்து விழும் என்று. நடப்பது வேறு. யெஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. வரைபடம் வேண்டுமென்று போய்க் கேட்க அங்கே ஆளில்லை. எங்கள் கைக்கு வருவது முப்பது, நாற்பது வருடம் ஓடித் தேய்ந்த ஒரு பாகம். அதை அளந்து அப்படியே செய்தால் கிடைப்பது புத்தம்புதிதாக ஒரு தேய்ந்த பாகம்தான்.

புல்லட்டின் கனெக்டிங் ராடு மேல்முனையில் இருக்கும் சின்ன புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பர் பிரான்ஸில் செய்த ஒரு வளையம். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் இதற்குள்தான் ஆடுகிறது. உள்விட்டம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அந்த அளவை நம்பக் கூடாது. வெளிவிட்டம் ராடுக்குள் இறுக்கி அடிக்கப்பட்டு அசையாமல் கிடந்தது, அது பொய் சொல்லாது. பின்னை எடுத்தால், புஷ்ஷுக்குள் இருந்த நடுப்பகுதி அதிகம் தேய்ந்திருக்கும், ஓரங்கள் குறைவாகத் தேய்ந்திருக்கும். ஓரத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தால் பின் பிறந்தபோது என்ன அளவு என்று ஏறக்குறையத் தெரியும். அதோடு எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளியைச் சேர்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டி, அதில் ஒன்றிரண்டு பங்கு. புஷ்ஷை ராடுக்குள் அடித்ததும் அது உள்ளே சுருங்கும்; அதன்பிறகு ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர முன்கூட்டியே சதை விட்டு வைக்க வேண்டும். ஒரு சாம்பிள் போதாது. ஐந்தாறு வண்டிகளிலிருந்து ஐந்தாறு பார்க்க வேண்டும். ஒன்றில் அழிந்தது இன்னொன்றில் தப்பியிருக்கும்.

இதை வாசிக்கும் இலக்கிய வாசகருக்கு இந்த வேலை எங்கேயோ கேள்விப்பட்டதுபோல இருக்க வேண்டும். செல்லரித்த ஏடுகளை வைத்துக்கொண்டு உ.வே.சாமிநாதையர் செய்தது இதைத்தான். ஒரு சுவடியில் பூச்சி தின்ற இடத்தை இன்னொரு சுவடியில் தேடினார். எது மூலம், எது ஏடு எழுதியவரின் கைப்பிழை என்று தீர்மானித்தார். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. திருத்தக்கதேவர் தன் கையால் எழுதிய ஏடு அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. நம்முடைய பழைய இலக்கியம் முழுக்கவே படியெடுத்தவர்களின் கைவழியாக வந்து சேர்ந்ததுதான். அதற்காக யாராவது புறநானூற்றை டூப்ளிகேட் என்கிறோமா? பதிப்பு என்கிறோம். பதிப்பித்தவர் பெயர் முகப்பில் இருக்கிறது. பாடபேதம் அடிக்குறிப்பில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிகிறது.

எனக்கு வேண்டிய மூன்றாவது சொல் இதுதான்: பதிப்பு. புஷ்ஷுக்கும் புறநானூற்றுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. மூலம் கிடைக்காதபோது அதை மீட்டெடுக்கும் நேர்மையான முறை எது என்று நம் மொழிக்கு நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும், பட்டறைக்கு வரும்போது மட்டும் அது மறந்துபோகிறது என்கிறேன்.

*

சரி, ஒரிஜினல் என்பதையாவது ஒழுங்காகப் பார்ப்போம்.

புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உற்பத்தியே முடிந்தது. திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 1977இல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. ஒரிஜினல்வாதியின் அளவுகோலை எடுத்து அளந்தால் திருவொற்றியூர் புல்லட் என்ன? படி. மூலம் அழிந்த பிறகும் உயிரோடு இருந்த படி. இன்று உலகமே அதைத்தான் மூலம் என்கிறது.

யெஸ்டியின் கதை இன்னும் சுவையானது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை லைசென்ஸ் வாங்கி 1961 முதல் மைசூரில் செய்தார்கள். பிறகு, 1973 முதல், அதே வடிவத்தின் மேல் யெஸ்டி என்று தங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஜாவாவாவது மூலமா என்றால் அதுவும் இல்லை. 1929இல் யானெச்செக் என்பவர் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வடிவத்தை வாங்கித்தான் தொழிலைத் தொடங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஜாவா. யாரிடமிருந்து எடுத்தேன், யார் செய்தேன் என்ற இரண்டையும் பெயரிலேயே சொல்லிவிட்ட வண்டி. ஒரு பதிப்பாசிரியரால் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

ஒரிஜினல் டப்பாவுக்குள் இருப்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். வண்டிக் கம்பெனிகள் தங்கள் பாகங்களில் பெரும்பகுதியைத் தாங்களே செய்வதில்லை. அம்பத்தூரிலும் கோவையிலும் புனேயிலும் இருக்கும் சப்ளையர்கள் செய்து கொடுக்கிறார்கள். கம்பெனி செய்வது மூன்று காரியம்: வரைபடம் கொடுக்கிறது, வந்ததைச் சோதிக்கிறது, தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கிறது. இந்த மூன்றுக்கும் மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவை முத்திரையில் இல்லை, செயலில் இருக்கின்றன. வேறொருவர் அவற்றைச் செய்தாலும் அதே மதிப்புதான்.

*

இப்போது வாங்குகிறவர்களிடம் வருகிறேன். பழைய வண்டிக் காதலர்களே, உங்களைத்தான்.

பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் நாற்பதாயிரம் செலவழிக்கத் தயங்க மாட்டீர்கள். டாங்கில் தங்கக் கோடு வரைய ஆளைத் தேடி இன்னொரு ஊருக்குப் போவீர்கள். அதே வண்டிக்குள் யாருடைய கண்ணுக்கும் படாமல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கப்போகிற ஒரு புஷ்ஷுக்கு 280 ரூபாய் சொன்னால், "என்னங்க, டூப்ளிகேட்டுக்கு இவ்வளவா?" என்பீர்கள். உங்கள் காதல் வெளித்தோலோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு பக்கம், எங்கோ ஒரு மூடிய கடையின் பரணில் கிடந்த பழைய கம்பெனி டப்பா ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு என்ன விலையும் கொடுப்பீர்கள். டப்பாவின் அட்டை மங்கியிருந்தால் விலை இன்னும் ஏறும். இரும்புச் சாமான் என்றால் பிழைத்தது. முப்பது வருடம் டப்பாவில் தூங்கிய ஆயில் சீல் என்றால்? ரப்பர் பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூப்படைகிறது. இறுகி, உதடு வெடித்துப்போகும். யெஸ்டி மாதிரியான டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சீல் கசிந்தால் இன்ஜின் அந்த வழியே காற்றை இழுக்கும், பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் சீஸ் ஆகும். ஒரிஜினல் சீல் போட்டு ஒரிஜினல் பிஸ்டனைக் கொன்ற வண்டிகள் எங்கள் பட்டறை வாசலுக்கு வந்திருக்கின்றன. அந்த உரிமையாளர்களில் ஒருவர்கூடச் சீலைச் சந்தேகப்படவில்லை. மெக்கானிக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

விலை ஏன் 280 என்ற கணக்கும் கடினமானது இல்லை. புஷ்ஷை விடுங்கள், கிக்கர் கியரைப் பாருங்கள். பல் வெட்டியபின் மேற்பரப்பு மட்டும் கடினமாக, உள்ளே அடி தாங்கும்படி மிருதுவாக இருக்க வேண்டும். அதற்கு கேஸ் ஹார்டனிங். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்பவரிடம் நாலு கியரை எடுத்துக்கொண்டு போய் நின்றால் உலையைப் பற்றவைக்க மாட்டார். குறைந்தது நூறு வேண்டும். நாங்கள் ஒரு வருடத்தில் விற்பது இருபத்தைந்து. ஆக, இன்று செய்யும் ஒரு பேட்ச் விற்றுமுடிய நான்கு வருடம். நூறு கியருக்கான ஸ்டீல், கூலி, உலை எல்லாவற்றுக்கும் இன்றைக்கே பணம் கொடுத்துவிட்டு நான்கு வருடம் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வங்கி வட்டி நான்கு வருடம் காத்திருக்காது. 2025 செப்டம்பர் வரை மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி, அதன்பிறகுதான் 18. என் மென்பொருள் சம்பளம் இல்லாவிட்டால் இந்தத் தொழில் இரண்டாவது வருடமே படுத்திருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு கைத்தொழில் இன்னொரு வேலையின் சம்பளத்தில் உயிர் வாழ்வது ஆரோக்கியமான நிலைமை இல்லை. அண்ணனின் மகன் லேத் பக்கமே வருவதில்லை, ஐ.டி.க்குப் படிக்கிறான். அவனுக்கு என்ன சொல்லி அழைப்பது?

*

டூப்ளிகேட் என்ற வசவின் ஆகக் கெட்ட விளைவு விலையில் இல்லை. அது நல்ல வேலைக்காரனைத் திருடனாக்குகிறது.

வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் எங்கள் ஷாஃப்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சாமான் அருமையா இருக்கு. உங்க பேரை எடுத்துட்டு, கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துடுங்க. ரெண்டு மடங்கு ரேட்டு, மாசம் நூறு பீஸ்." அண்ணன் வேண்டாங்க என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுக்க அவருக்கு என் சம்பளம் பின்னால் நின்றது. அப்படி எதுவும் இல்லாத பட்டறைக்காரர் என்ன செய்வார்? தன் நல்ல வேலையின் மேல் அடுத்தவன் பெயரை ஒட்டுவார். அன்றோடு அவர் கணக்கில் அக்கறை செத்துவிடும். பெயர் அவருடையதில்லை, உடைந்தால் திட்டு வாங்குபவரும் அவரில்லை. அடுத்த பேட்ச்சில் ஸ்டீலின் தரத்தைக் குறைப்பார். அதற்கடுத்து ஹீட் ட்ரீட்மெண்ட்டைத் தவிர்ப்பார். போலி பிறப்பது இப்படித்தான்.

போலிகள் ஆபத்தானவை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அட்டை மாதிரி உதிரும் பிரேக் ஷூவைச் செய்பவன் கொலைகாரன். மரை விஷயத்தையே பாருங்கள். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள். 5/16 அங்குல போல்ட்டிலேயே ஒரு வகைக்கு அங்குலத்துக்கு 26 மரை, இன்னொரு வகைக்கு 22. மரையின் கோணமும் ஒன்றுக்கு 60 டிகிரி, மற்றதற்கு 55. 5/16 என்றால் 7.94 மில்லிமீட்டர். "எட்டு எம்எம்தானே, கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று மெட்ரிக் போல்ட்டை ஸ்பேனரால் நெருக்கி ஏற்றுகிறார்கள். அலுமினியக் கேஸில் மரை அழிந்துவிடும். மூன்றரை ரூபாய் போல்ட் கேஸின் விலையைக் கேட்கும். இதை நானே நூறு முறை திட்டியிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கிட்டத்தட்டவாதியையும், ஆறு சாம்பிளை அளந்து 26 மரைக்கு டை தேடி வாங்கியவரையும், கம்பெனி முத்திரையைத் திருடியவனையும் ஒரே சொல்லால் கூப்பிடும் மொழி யாரைக் காப்பாற்றுகிறது? முதலாமவனையும் மூன்றாமவனையும்தான். நடுவில் இருப்பவர்தான் சாகிறார்.

வேடிக்கை என்னவென்றால் சட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியும். 1999ஆம் வருட வணிகக் குறிச் சட்டம் அடுத்தவர் முத்திரையைப் பொய்யாகப் போடுவதை ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒரு பாகம் எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று சொல்வதற்குத் தேவையான அளவில் அந்தப் பொருளின் பெயரைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிறது. "புல்லட்டுக்குப் பொருந்தும், செய்தது நாங்கள்" என்று எழுதுவது முழுக்கச் சட்டபூர்வம். சட்டத்துக்கு மூன்று வகை தெரியும். நமக்கு இரண்டுதான் தெரியும்.

*

கம்பெனிகளுக்கும் அரசுக்கும் பங்கு உண்டு.

விளம்பரம் முழுக்கப் பாரம்பரியம், பரம்பரை, அப்பாவின் வண்டி. பழைய பெயர்கள் புதிய வண்டிகளின் மேல் ஏறி மீண்டும் வருகின்றன. ஜாவா 2018இல் வந்தது, யெஸ்டி 2022இல் வந்தது. நல்ல வண்டிகளாகவே இருக்கட்டும். ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக், பழையவை டூ ஸ்ட்ரோக். புதியதன் இன்ஜின் பாகம் எதுவும் பழையதில் உட்காராது. பெயர் தொடர்கிறது, பாகம் தொடரவில்லை. பொதுவாக எல்லா வாகனக் கம்பெனிகளிடமும் கேட்கிறேன்: ஒரு பாகத்தைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதன் வரைபடத்தைப் பூட்டிவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? வெளியிடுங்கள். மென்பொருளில் ஆதரவை நிறுத்திய நிரல்களைத் திறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. யாரும் அதனால் திவாலாகவில்லை.

2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனியார் மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகங்களும் ரிப்பேர் விவரங்களும் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது காரணம். மேல்முறையீடுகள் போனது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. செய்வதை நிறுத்திய பாகத்தின் வரைபடம் பற்றி இவற்றில் எதிலும் பேச்சில்லை.

2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் இன்னொரு அழகு. ஐம்பது வயது தாண்டிய வண்டியை அந்த வகையில் பதிய 20,000 ரூபாய். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. ஓடாத வண்டிக்கு பாகம் தேயாது. தேயாவிட்டால் செய்பவர் தேவையில்லை. செய்பவர் போய்விட்டால் வண்டி பிறகு ஓடவே ஓடாது. பாதுகாப்பு என்ற பெயரில் பாடம் பண்ணுகிற வேலை இது. பால்காரரின் யெஸ்டி கூட்டுறவுச் சங்கத்துக்குத் தினமும் போய்வருகிறதே, அதுதான் பாதுகாக்கப்பட்ட வண்டி.

முடியாததைக் கேட்கவில்லை. இங்கிலாந்தின் வின்சென்ட் கம்பெனி 1955இல் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்தியது. அந்த வண்டி வைத்திருந்தவர்கள் சங்கமாகக் கூடி, தாங்களே பங்கு போட்டு, உதிரிபாகக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். தேவையானதைச் செய்வித்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பாகங்களைக் கொண்டே ஒரு முழு வண்டியைப் புதிதாகக் கட்டிக் காட்டினார்கள். நம்மூர் புல்லட் கிளப்புகள் வருடா வருடம் டீஷர்ட் அடிக்கிற பணத்தில் ஒரு கிக்கர் கியர் பேட்ச்சுக்கு முன்பணம் கட்டலாம். நூறு பேர் ஆளுக்கொரு கியருக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் எங்கள் நான்கு வருடம் நான்கு மாதமாகிவிடும். விலையும் இறங்கும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிப்பு என்று மரியாதை கேட்டால் பதிப்பாசிரியரின் கடமையும் சேர்ந்து வரும். பெயரைப் போடுங்கள். என்ன ஸ்டீல், எந்த பேட்ச் என்று எழுதுங்கள். மூலத்திலிருந்து எதையாவது மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்லுங்கள். பழைய ஸ்பேசரின் ஓரத்தில் விரிசல் விழுவதைப் பார்த்து நாங்கள் ஒரு வளைவைக் கூட்டினோம். டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் அது தமிழில் எழுதியிருக்கிறது. அது எங்கள் பாடபேதம். சரியில்லை என்று நினைப்பவர் கேட்கலாம், திருத்தலாம்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். "யார் செஞ்சது?" என்று கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் திகைப்பார். பதில் தெரியாவிட்டால் அந்தச் சாமானை வாங்காதீர்கள், எந்த டப்பாவில் இருந்தாலும் சரி.